பள்ளியும் மருத்துவமனையும் கைவிட்டவர்கள்

இங்கிலாந்தில் வயதுவந்தோர் கல்லூரி ஒன்றில் சேரப் போனால் முதலில் கையில் ஒரு படிவத்தைத் தருவார்கள். பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாம் எழுதிய பிறகு இரண்டு கேள்விகள் வரும். ஒன்று, உங்கள் இனம் எது என்பது. மற்றது, உடற்குறை, கற்றல் சிரமம், நீண்டகால நோய் ஏதேனும் உண்டா என்பது. இரண்டாவது கேள்விக்குக் கீழே உள்ள பட்டியலில் மனநலச் சிக்கலுக்கும் ஒரு கட்டம் இருக்கும். இரண்டுமே நல்ல எண்ணத்தில் கேட்கப்படுபவைதாம். எந்தச் சமூகத்தார் படிக்க வருகிறார்கள், எவர் வருவதில்லை என்று தெரிந்துகொள்ள முதல் கேள்வி. தேவைப்படுவோருக்குக் கூடுதல் உதவி ஏற்பாடு செய்ய இரண்டாவது. ஆனால் மனநல மருத்துவமனையில் கட்டாயமாக அடைபட்டு வெளியே வந்த ஒரு கறுப்பினத்தவரின் இடத்திலிருந்து அந்தப் படிவத்தைப் பார்க்க வேண்டும். இதே இரண்டு விவரங்களும் அவருடைய வாழ்க்கையில் இதற்கு முன்பே எழுதப்பட்டிருக்கின்றன: பள்ளிப் பதிவேட்டில், காவல் நிலையத்தில், மருத்துவமனைக் கோப்பில். எங்கும் அவற்றால் அவருக்கு நன்மை விளைந்ததில்லை. பேனாவை வைத்துவிட்டு எழுந்து போகிறவரை ஆர்வம் இல்லாதவர் என்று கல்லூரி நினைத்துக்கொள்கிறது.

மனநலச் சிக்கலோடு வாழும் இனச்சிறுபான்மையினருக்குக் கற்பதில் எப்படித் துணை நிற்பது என்பது இங்கிலாந்துக் கல்வித்துறையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் விஷயம். பேச்சு பெரும்பாலும் மொழி, கூச்சம், பண்பாடு, வீட்டுத் தடைகள் என்று கற்க வருபவரின் பக்கமே சுற்றுகிறது. நான் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். இவர்களில் பலரைப் பள்ளியும் மருத்துவமனையும் ஏற்கெனவே காயப்படுத்தியிருக்கின்றன. அந்த இரண்டின் சாயலும் இல்லாத மூன்றாவது இடமாக இருக்க முடிவதுதான் வயதுவந்தோர் கல்வியின் பலம். அந்தப் பலத்தை அது தன் படிவங்களாலும் விதிகளாலும் குறுகியகால நிதியாலும் வீணடித்துவருகிறது.

பள்ளியிலிருந்து தொடங்கலாம். 1971இல் லண்டனில் ஒரு சிறு நூல் வெளியானது. எழுதியவர் பெர்னார்ட் கோர்ட். கிரெனடா தீவிலிருந்து வந்து லண்டனில் ஆசிரியராக இருந்தவர். வெளியிட்டது ஜான் லா ரோஸின் நியூ பீக்கன் புக்ஸ். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கல்வியில் இயல்புக்குக் குறைந்தவர்கள் என்று முத்திரை குத்திச் சிறப்புப் பள்ளிகளுக்கு அனுப்பும் வழக்கத்தை அது அம்பலப்படுத்தியது. உள்லண்டன் கல்வி ஆணையத்தின் சொந்தக் கணக்கே அவருக்கு ஆதாரம். சாதாரணப் பள்ளிகளில் குடியேறியோரின் பிள்ளைகள் 15 விழுக்காடு. அந்தச் சிறப்புப் பள்ளிகளிலோ 28 விழுக்காட்டுக்கும் மேல். அப்படி அனுப்பப்பட்ட குடியேறியோர் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் மேற்கிந்தியப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் பேசிய கிரியோல், பிழையான ஆங்கிலமாகக் கொள்ளப்பட்டது. ஆங்கிலேய நடுத்தர வர்க்கக் குழந்தைக்குப் பழக்கமான சொற்களையும் பொருள்களையும் வைத்து அறிவுத்திறன் சோதிக்கப்பட்டது. ஒருமுறை அந்தப் பள்ளிக்குள் போன பிள்ளை சாதாரணப் பள்ளிக்குத் திரும்புவது அரிது.

அந்தப் பிள்ளைகள் இன்று அறுபது வயதைத் தொட்டவர்கள், தாண்டியவர்கள். 2021இல் பிபிசி ஒளிபரப்பிய ஆவணப்படத்தில் அவர்களில் சிலர் முதல்முறையாக வெளிப்படையாகப் பேசினார்கள். சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் மறைத்த அவமானம் அது. இத்தகைய ஒருவர் அறுபது வயதில் எழுத்தறிவு வகுப்புக்கு வருகிறார் என்றால், வாசிக்கத் தெரியாத குறை மட்டும் அவரோடு வருவதில்லை. 'உனக்குப் படிப்பு ஏறாது' என்று அரசே எழுதிக் கொடுத்த தீர்ப்பும் கூட வருகிறது. வரிசையாகப் போட்ட மேசை, பலகைக்கு முன்னால் நிற்கும் ஆசிரியர், முதல் நாளே வைக்கும் திறனறித் தேர்வு ஆகியவை அந்தத் தீர்ப்பை மறுபடி வாசித்துக் காட்டுகின்றன. முதல் நாள் தேர்வை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளிவைப்பதால் கல்லூரிக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனாலும் நிதி தருபவர் தொடக்கநிலை மதிப்பீட்டுத் தாளைக் கோப்பில் கேட்கிறார் என்பதால் அது முதல் நாளே நடக்கிறது.

மருத்துவமனையின் கதை இன்னும் கடுமையானது. 1983ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக மருத்துவமனையில் வைக்கலாம். 2022-23இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் கறுப்பினத்தவருக்கு ஏறத்தாழ 228 என்ற அளவில் இந்தக் கட்டாய அனுமதி நடந்தது. வெள்ளையரிடையே அது 64. மூன்றரை மடங்கு வேறுபாடு. குடும்ப மருத்துவரிடம் போய், பேச்சுச் சிகிச்சைக்கு அனுப்பப்படும் அமைதியான வழி வெள்ளையருக்கு வாய்க்கும் அளவு இவர்களுக்கு வாய்ப்பதில்லை. காவல்துறையின் கைவழியாக வந்து சேர்வது இவர்களிடையே அதிகம்.

டேவிட் பென்னட் ஜமைக்காவில் பிறந்து எட்டு வயதில் இங்கிலாந்துக்கு வந்தவர். 1998 அக்டோபர் 30 அன்று இரவு, நாரிச் நகரத்து மனநல மருத்துவமனை ஒன்றில், தொலைபேசியைப் பயன்படுத்துவது தொடர்பாக அவருக்கும் இன்னொரு நோயாளிக்கும் தகராறு வந்தது. அந்த நோயாளி அவரை இனத்தைச் சொல்லி வசைபாடினார். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டவர் பென்னட்தான். அங்கே அவர் ஒரு செவிலியரைத் தாக்க, ஊழியர்கள் பலர் சேர்ந்து அவரை முகம் தரையில் பட ஏறத்தாழ 25 நிமிடம் அழுத்திப் பிடித்தார்கள். உயிர் பிரிந்தது. வயது 38. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1993இல், கறுப்பின ஊழியர்களையும் வேலைக்கு வையுங்கள் என்று கேட்டு மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார் அவர். ஓய்வுபெற்ற நீதிபதி ஜான் புளோஃபெல்ட் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2004இல் வந்தது. தேசிய மருத்துவச் சேவைக்குள் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்று அது நேராகவே சொன்னது.

இதற்குச் சற்று முன்பு, 2002இல், செயின்ஸ்பரி மனநல மையம் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த உறவை அச்சத்தின் வட்டம் என்று விளக்கியது. மருத்துவமனைக்குப் போனால் அடைத்துவைப்பார்கள், மருந்தைக் கொடுத்து முடக்கிவிடுவார்கள் என்று பயந்து கறுப்பினத்தவர் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள். நோய் முற்றிய நிலையில் வந்து சேரும்போது ஊழியர்கள் அவர்களைக் கண்டு பயந்து கட்டாயத்தைக் கையில் எடுக்கிறார்கள். அது முதல் அச்சத்தை உண்மையாக்குகிறது. அரசு சும்மா இருந்துவிடவில்லை. 2005இல் மனநலச் சேவையில் இனச் சமத்துவத்துக்காக ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. சமூக மேம்பாட்டுப் பணியாளர் 500 பேரை நியமிப்பது அதன் முக்கிய அறிவிப்பு. 2005 முதல் 2010 வரை ஆண்டுதோறும் மருத்துவமனை உள்நோயாளிகளின் இனவாரிக் கணக்கும் எடுக்கப்பட்டது. திட்டம் முடியும்போது எண்கள் பெரிதாக மாறியிருக்கவில்லை.

இதே காலத்தில் கல்விப் பக்கத்திலும் வேலை நடந்தது. 2004இல் அரசின் சமூக விலக்கல் பிரிவு, நீண்டகால மனநலச் சிக்கல் உள்ளவர்களில் வேலையில் இருப்பவர் 24 விழுக்காடுதான் என்று சொல்லிக் கல்வியை ஒரு வழியாகப் பரிந்துரைத்தது. வயதுவந்தோர் கல்விக்கான தேசிய நிறுவனமான நியேஸ், மனநலச் சிக்கலோடு படிக்க வருவோருக்கு எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்களுக்கு வழிகாட்டிகள் தயாரித்தது. இனச் சமத்துவம் ஒரு மேசையில், மனநலம் இன்னொரு மேசையில், கல்வி மூன்றாவதில் இருந்தன. மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை என்ற உணர்வோடு நடந்த பணிகள் குறைவு. நடந்தவையும் ஓரிரு ஆண்டு நிதியில் நடந்து, நிதி தீர்ந்ததும் நின்றன.

கறுப்பினத்தவரிடையே மனநோய் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு இங்கே பதில் தேவை. அது வகுப்பறையை எங்கே வைப்பது என்பதையும் தீர்மானிக்கும். லண்டன், நாட்டிங்காம், பிரிஸ்டல் ஆகிய மூன்று நகரங்களில் நடந்து 2006இல் வெளியான பெரிய ஆய்வு, மனச்சிதைவு நோய் புதிதாகத் தோன்றும் விகிதம் வெள்ளை ஆங்கிலேயரைவிட ஆப்பிரிக்க-கரீபியரிடம் ஒன்பது மடங்கு என்று கண்டது. பரம்பரைக் காரணம் என்று சொல்லிவிட்டு நகர முடியாது. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ் தீவுகளில் நடந்த ஆய்வுகளில் அப்படிப்பட்ட உயர்வு இல்லை. தென்லண்டனின் கேம்பர்வெல் பகுதியைப் பற்றி 2001இல் வந்த ஆய்வு இன்னொரு தடயம் தந்தது: சிறுபான்மையினர் தம் மக்களோடு நெருங்கி வாழும் தெருக்களில் இந்நோய் குறைவு, சிதறித் தனியாக வாழும் பகுதிகளில் அதிகம். பிரிவு, வேலையின்மை, தனிமை, நாளும் சந்திக்கும் அவமதிப்பு ஆகியவை நோயின் மண் என்றால், ஒத்தவர்கள் சூழ இருப்பது ஒரு காப்பு. 'எல்லாரோடும் கலந்து படிக்கட்டும், தனி வகுப்பு எதற்கு?' என்று ஒருங்கிணைப்பின் பெயரால் கேட்பவர்கள் இந்த ஆய்வைப் படிக்க வேண்டும். கலப்பது பின்னால் நடக்கலாம். நோயிலிருந்து எழும்பி வருபவருக்கு முதல் படி தன்னைப் போன்றவர்கள் இருக்கும் அறையாக இருப்பதே நல்லது.

கற்பது மனத்துக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உண்டா? உண்டு, அளவோடு. 2008இல் பிரிட்டன் அரசின் தொலைநோக்குத் திட்டத்துக்காக நியூ எகனாமிக்ஸ் ஃபவுண்டேஷன் மனநலத்துக்கான ஐந்து பழக்கங்களைத் தொகுத்தபோது, தொடர்ந்து கற்பதையும் அவற்றில் ஒன்றாக வைத்தது. 2015இல் தொடங்கி 2018இல் அறிக்கை வந்த ஓர் அரசு ஆய்வு, மிதமான மனச்சோர்வும் பதற்றமும் உள்ளவர்களைச் சமூகக் கல்வி வகுப்புகளில் சேர்த்துப் பார்த்தது. மருத்துவர்கள் பயன்படுத்தும் அதே கேள்வித்தாள்களால் அளந்தபோது, தொடக்கத்தில் நோய் என்று சொல்லும் நிலையில் இருந்தவர்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் வகுப்பு முடியும்போது அந்த நிலையைக் கடந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு வகுப்பு இல்லாமலும் காலப்போக்கில் தணிந்திருக்கலாம் என்பதை ஒத்துக்கொண்டாலும், இது சிறிய விளைவு அல்ல. இதில் மருத்துவர் இல்லை, மருந்து இல்லை, நோயாளி என்ற பெயரும் இல்லை. மருத்துவமனையைக் கண்டு ஓடுகிறவர் இங்கே வந்து உட்காரக்கூடும். அச்சத்தின் வட்டத்தை வெளியிலிருந்து உடைக்கும் வழி இது.

வகுப்பறைக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதில் கொஞ்சம் தங்கிப் பேச வேண்டியிருக்கிறது. மனவடுவும் மனச்சோர்வும் முதலில் தாக்குவது கவனத்தையும் நினைவையும். சுவீடனில் ஈராக்கிய அகதிகளிடையே நடந்து 2004இல் வெளியான ஆய்வில், போர் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவடுவின் சுமை கூடக்கூடப் புதிய மொழி ஏறும் வேகம் குறைவது தெரிந்தது. நேற்று சொல்லிக் கொடுத்த பத்துச் சொல் இன்று நினைவில் இல்லாததற்குச் சோம்பல் காரணமல்ல. இரவு மூன்று மணிக்குக் கெட்ட கனவில் எழுந்தவரின் மூளையில் அவை தங்கவில்லை. டொரோண்டோவைச் சேர்ந்த ஜென்னி ஹார்ஸ்மன், வன்முறைக்கு ஆளான பெண்களின் எழுத்தறிவு வகுப்புகளை ஆராய்ந்து 1999இல் எழுதிய நூலில், ஆசிரியர் கவனமின்மை என்று நினைப்பது பெரும்பாலும் தற்காப்பு என்று காட்டினார். உடம்பு வகுப்பில் இருக்கும். மனம் ஆபத்தில்லாத வேறிடத்துக்குப் போயிருக்கும். அந்த நேரத்தில் பெயர் சொல்லி அதட்டிக் கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று ஆசிரியர்கள் யோசிக்க வேண்டும்.

பிற மொழியினருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் ஈசோல் வகுப்புகளின் முதல் மாதப் பாடம் பெரும்பாலும் குடும்பம். 'உங்களுக்கு எத்தனை சகோதரர்கள்? எங்கே இருக்கிறார்கள்?' ஒரு படத்தைக் கொண்டுவந்து பேசுங்கள் என்பார்கள். காணாமல்போன தம்பியை இறந்த காலத்தில் சொல்வதா, நிகழ்காலத்தில் சொல்வதா என்று தெரியாமல் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். பாடத்தை மாற்றுவது எளிது: பேருந்து நேரம், மருத்துவரிடம் நேரம் கேட்பது, கடையில் பில்லைச் சரிபார்ப்பது என்று இன்றைய வாழ்க்கையிலிருந்து தொடங்கலாம். பழையதைச் சொல்ல விரும்புகிறவர் தாமாகச் சொல்லும்போது கேட்கலாம். கதவருகே ஓர் இருக்கை, வெளியே போய்வர அனுமதி கேட்க வேண்டாம் என்ற ஏற்பாடு, தீ எச்சரிக்கை மணிச் சோதனை எப்போது என்ற முன்னறிவிப்பு: இவற்றுக்குப் பணம் தேவையில்லை.

மருந்தின் பக்கம் இன்னும் கவனிக்கப்படாதது. மனச்சிதைவுக்கான மருந்துகள் பலவும் காலையில் எழ முடியாத அளவுக்கு அசத்தும்; சில கையை நடுங்க வைக்கும், நாக்கை உலர்த்தும். காலை ஒன்பது மணி வகுப்பில் அவரைத் தூங்குமூஞ்சி என்பார்கள். கையெழுத்துப் பயிற்சியில் பின்தங்கியவர் என்பார்கள். வேறு மருந்துகளுக்கு அடங்காத நோய்க்குத் தரும் குளோசபின் எடுப்பவர் முதல் 18 வாரம் வாரம் ஒருமுறை, பிறகு ஓராண்டு முடியும்வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்குப் போயாக வேண்டும். அந்தக் கிளினிக் நாளும் வகுப்பு நாளும் ஒன்றானால், வருகைப் பதிவு குறைந்து அவர் நீக்கப்படுவார். பிற்பகல் வகுப்பு, விட்ட பாடத்தை வேறு நாளில் பிடிக்கும் வசதி, மூன்று மாதம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தாலும் விட்ட இடத்தில் தொடரலாம் என்ற உறுதி ஆகியவை இருந்தால் பாதிப் பேர் கைவிட மாட்டார்கள் என்பது என் கணிப்பு.

சட்டம் இதற்கெல்லாம் இடம் தருகிறது. 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, ஓராண்டோ அதற்கு மேலோ நீடிக்கக்கூடிய, அன்றாட வாழ்வைக் கணிசமாகப் பாதிக்கும் மனநலச் சிக்கலும் மாற்றுத்திறன் என்ற வரையறைக்குள் வரும். கல்வி நிலையம் நியாயமான மாற்றங்களைச் செய்தாக வேண்டும். ஆனால் நடைமுறையில் உரிமை கேட்பவர் நோயைச் சொல்ல வேண்டும். சொன்னால் குடிவரவைக் கவனிக்கும் ஹோம் ஆபிஸுக்குத் தகவல் போகுமோ, விசாவில் சிக்கல் வருமோ, பிள்ளைகளைச் சமூகசேவைத் துறை எடுத்துக்கொண்டு போய்விடுமோ என்ற பயம். ஊருக்குத் தெரிந்தால் மகளின் கல்யாணம் என்னாகும் என்ற பயம் தெற்காசியக் குடும்பங்களில் அதற்கும் மேல். பிரிஸ்டலில் 16 ஆசியப் பெண்கள் தங்கள் மனச்சோர்வைப் பற்றிப் பேசியதை ஆய்வாளர்கள் ஃபென்டனும் சாதிக்கும் 1993இல் வெளியிட்டார்கள். கணவரின் குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் தெரியாமல் மறைத்துச் சுமந்த துயரம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. சிறிய சமூகத்தில் மொழிபெயர்க்க வருபவரே உறவுக்காரராக இருப்பார். ஆகவே மாற்றங்களை எல்லாருக்குமான ஏற்பாடாகவே வைத்துவிடுவதுதான் சரி. கதவருகே இருக்கை வேண்டுமென்றால் நோய்ச் சான்று எதற்கு?

இவற்றில் பலவற்றை நடைமுறைக்குக் கொண்டுவந்தவை மீட்சிக் கல்லூரிகள். 2009இல் தென்மேற்கு லண்டனில் முதலாவது முயற்சி, 2011இல் நாட்டிங்காமில் அடுத்தது. 2021 வாக்கில் இங்கிலாந்தில் மட்டும் 88 இருந்தன. அங்கே வருபவர் மாணவர். தூக்கம், மருந்து, குரல்கள் கேட்பது, வேலை தேடுவது என்று பாடப்பட்டியலிலிருந்து தாமே தேர்ந்தெடுப்பார். ஒவ்வொரு பாடத்தையும் மனநலத் துறைப் பணியாளர் ஒருவரும், நோயை அனுபவித்து மீண்ட ஒருவரும் சேர்ந்து திட்டமிட்டுச் சேர்ந்தே நடத்துவார்கள். நோயின் அனுபவம் அறிவாக மதிக்கப்படும் இடம் என்ற வகையில் இதைப் பெரிய முன்னேற்றம் என்பேன். என் குறை ஒன்றுதான். பெரும்பாலானவை தேசிய மருத்துவச் சேவையின் மனநல அமைப்புகளின் கீழ் நடப்பவை. தங்களைப் பலவந்தமாகப் பிடித்துக்கொண்டுபோன அமைப்பின் சின்னம் வாசலில் இருந்தால், உள்ளே எவ்வளவு நல்ல வகுப்பு நடந்தாலும் பென்னட்டைப் போன்றவர்கள் வாசலோடு திரும்பிவிடக்கூடும்.

அதனால்தான் சமூகத்துக்குள்ளிருந்து முளைத்தவற்றை நான் அதிகம் நம்புகிறேன். பிராட்ஃபோர்ட் நகரில் 2002இல் தொடங்கிய ஷேரிங் வாய்சஸ், மனத்துயரத்தை நோய்ப்பெயரிலிருந்து தொடங்காமல் வறுமை, இனவெறி, நம்பிக்கை, குடும்பம் என்று அவரவர் சொல்லும் காரணத்திலிருந்து தொடங்குகிறது. ஒருவருக்கொருவர் துணை நிற்கும் குழுக்களைக் கட்டுகிறது. லண்டனில் ஹெலன் பாம்பர் 1985இல் நிறுவிய, சித்திரவதைக்கு ஆளானோருக்கான மருத்துவ அறக்கட்டளை (இன்று ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர்) அகதிகளுக்குத் தோட்டத் துண்டுகளைக் கொடுத்து ஒரு திட்டம் நடத்தியது. அதை வழிநடத்திய ஜென்னி கிரட் 2002இல் அந்த அனுபவத்தை நூலாக்கினார். மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும்போது, அறைக்குள் முகம் பார்த்து உட்காரும்போது வராத பேச்சு வருகிறது. விதை, பருவம், கருவி, பக்கத்துப் பாத்திக்காரர் என்று புதிய நாட்டின் சொற்களும் கூடவே வருகின்றன. மொழிப்பாடம் என்று யாரும் பெயர் வைக்காத மொழிப்பாடம் அது.

பணத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆங்கிலம் நன்றாகப் பேச வராதவர்களும் அறவே வராதவர்களும் சேர்ந்து பத்து லட்சத்துக்கும் மேல். ஆனால் இங்கிலாந்தில் ஈசோலுக்கு அரசு தந்த நிதி 2009-10இல் 20.3 கோடி பவுண்டாக இருந்து 2015-16இல் 9 கோடியாகச் சுருங்கியது. 2007இல் வந்த மாற்றத்துக்குப் பிறகு புகலிடம் கோருபவர் ஆறு மாதம் காத்திருந்தால்தான் அரசு நிதியில் ஆங்கிலம் படிக்கலாம். வந்து இறங்கிய முதல் ஆறு மாதம், மனம் மிகவும் அலைக்கழியும் காலம். வேலை செய்ய அனுமதியில்லை, படிக்கவும் வழியில்லை. அறைக்குள் உட்கார்ந்து கடிதத்துக்குக் காத்திருக்க வேண்டும். நோயை இவ்வளவு திட்டமாக வளர்க்கும் ஏற்பாடு வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை. உதவிப் பணத்தில் வாழ்பவர்களுக்கு வேறொரு பயம்: வகுப்புக்குப் போகிறாய் என்றால் வேலைக்கும் போகலாமே என்று பெனிபிட்டை வெட்டிவிடுவார்கள் என்பது.

இதில் நம்மவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழியாகக் கொண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அலையலையாக வந்த ஈழத்தமிழர்கள் அவர்களில் பெரும் பங்கினர். போர் அவர்களின் மனங்களில் விட்டுச்சென்ற வடுக்களை யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998இலேயே நூலாக எழுதினார். போர் முடிந்த 2009க்குப் பிறகும் இலங்கையில் சித்திரவதை தொடர்ந்ததை ஃப்ரீடம் ஃப்ரம் டார்ச்சர் 2015இல் மருத்துவச் சான்றுகளோடு வெளியிட்டது. ஊரில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர்கள் பெட்ரோல் நிலையத்திலும் கடைகளிலும் இரவு வேலை பார்த்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் ஆனதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். தூக்கமில்லாமல், யாரோடும் பேசாமல், ஒரு படிவத்தைத் தனியாக நிரப்ப முடியாமல் வீட்டுக்குள் முடங்கிப்போன பெற்றோரைப் பற்றிப் பேசுவதில்லை.

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழ்ப் பள்ளிகள் வார இறுதியில் நடக்கின்றன. பிள்ளைகள் தமிழ், சங்கீதம், பரதம் படிக்கும்போது பெற்றோர் நடைபாதையிலும் உணவுக்கூடத்திலும் காத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளை நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். அதே நேரத்தில் பக்கத்து அறையைப் பெரியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தொலைபேசியில் ஆங்கிலம் பேசுவது, கணினி, வாகன ஓட்டுநர் எழுத்துத் தேர்வு, தையல் என்று எதை வேண்டுமானாலும் வையுங்கள். நோய் உண்டா என்று கேட்கும் படிவம் வேண்டாம்; தேர்வு வேண்டாம்; இரண்டு வாரம் வராதவரைப் பட்டியலிலிருந்து எடுக்கவும் வேண்டாம். மனநோயிலிருந்து மீண்ட ஒருவரைத் துணை ஆசிரியராக வையுங்கள். தமிழ் பேசும் மருத்துவர், செவிலியர் ஒருவரின் தொடர்பைக் கையில் வைத்திருங்கள். அறையில் கேட்டது வெளியே போகாது என்பதை முதல் நாளே சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். கட்டடம் வாடகைக்கு எடுத்தாயிற்று, ஆசிரியர்கள் இருக்கிறார்கள், வரவேண்டியவர்கள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடாமல் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.